பன்றியும் மீனும் சிங்கமும், ஒரு சிட்டிகைப் பல்பொடியும்

வளைகுடாவில், மனாமா நகரின் குதைபியாவில், கீழே தையற்கடையும் தேநீர்க்கடையும் உள்ள கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் இரண்டு சன்னதிகள் உண்டு. சமையலறையை ஒட்டிய அலமாரியில் என் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். கூடத்து மூலை மேசையின் இழுப்பறையில் என் கணவரின் தெய்வங்கள் குடியிருக்கின்றன. அவை பழைய கிரேக்க நகரங்களின் வெள்ளிக் காசுகள். அக்காலத்தில் அங்கே ஒவ்வொரு நகரமும் ஒரு தனி அரசாம். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனி முத்திரை. பெரிய காசுகளை வாங்கும் வசதி ஒரு கட்டடப் படவரைவாளருக்கு எப்படி வாய்க்கும்? ஆகவே அவருடைய பக்தி சின்னக் காசுகளின்மேல் படர்ந்தது. சின்னது என்றால் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. யாரேனும் தும்மினால் அவர் முதலில் இழுப்பறையை மூடுவார். பிறகுதான் "நூறு வயசு" என்பார்.

பிரசாதம் வாங்கும்போது வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டுகிற மனிதர், காசைத் தொடுவதற்குமுன் சோப்புப் போட்டு இருமுறை கை கழுவி, துண்டால் ஒற்றி, மின்விசிறியின் கீழ் நின்று உலர்த்திக்கொள்வார்.

"இம்புட்டு ஆசாரம் பெருமாள்கிட்ட இருந்திருந்தா, இந்நேரம் உங்களுக்கு மோட்சம் கெடைச்சிருக்கும்" என்பேன்.

"மோட்சத்துல எந்த ஊர்க் காசு செல்லும்னு கேட்டுச் சொல்லு, பெறவு யோசிப்போம்" என்பார்.

நாற்பது ஆண்டு இல்லறத்தில் இதற்குமேல் சமய விவாதம் எங்களுக்குள் நடந்ததில்லை. நான் அதிகாலையில் பாசுரங்களைச் சேவிக்கும்போது அவர் குறுக்கே பேசமாட்டார். அவர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருக்கும்போது நான் குறுக்கே போகமாட்டேன். இரு சமயத்தாரும் ஒரே கூரையின்கீழ் இணக்கமாக வாழ்ந்துவந்தோம்.

காசு சேர்க்கும் ஆறு பேர் இந்த ஊரில் உண்டு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை, யாழ்ப்பாணத்துப் பல் மருத்துவர் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் காசு கொண்டுவந்தால், அது ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் இருந்து, கடைசியாக மருத்துவரிடம் வரும். அவர் பல் பார்க்கும் அதே உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்ப்பார். உண்மையான காசு என்று அவர் மனம் ஒப்பினால், நடுவிலிருக்கும் நீல வெல்வெட் தட்டில் வைப்பார். ஒப்பாவிட்டால் ஒரு சொல்லும் சொல்லாமல் வெறும் மரமேசைமேல் வைத்துவிடுவார். வெல்வெட்டா, மரமா என்பதுதான் அங்கே தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கணவர் துபாய் போனபோது, பர் துபாயில் ஒரு துணிக்கடை வாசலில், ஆந்தை பொறித்த ஏதென்ஸ் காசு ஒன்றை எவனோ ஒருவனிடம் வாங்கிவந்தார். பேரானந்தத்தோடு கூட்டத்துக்குக் கொண்டுபோனார். மருத்துவர் கண்ணாடியை இறக்கக்கூட இல்லையாம். ஆந்தை மரத்தில் அமர்ந்தது. அது சுற்றுலாப் பயணிகளுக்காக ஈயத்தில் வார்த்து விற்கும் பொம்மைக் காசு. ஆந்தைக்கு மலையாளத்தில் மூங்ஙா என்று பெயர். கூட்டத்திலிருந்த கேரளத்துப் பொறியாளர் அன்றே அவருக்கு 'மூங்ஙா சார்' என்று பட்டம் சூட்டிவிட்டார். பகைமையால் அல்ல. அந்தப் பொறியாளர் எங்கள் வீட்டில் நூறு முறை சாப்பிட்டிருக்கிறார். என் வத்தக்குழம்புக்கு அடிமை. ஆயினும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. என் கணவர் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். அதற்குப்பின் அந்த மேசையில் அவர் ஒரு காசும் எடுத்துவைக்கவில்லை. மற்றவர்கள் தம்மிடம் இரண்டாக இருப்பவற்றில் தேய்ந்துபோனதைத் தந்தால் வாங்கிவந்து இழுப்பறையில் சேர்ப்பார். அவற்றிலெல்லாம் உருவம் மழுங்கியிருக்கும். அவர் குதிரை என்பார். எனக்குக் கொத்தமல்லி விதையாகத் தெரியும்.

இந்த ஆண்டு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. வேலை போனால் விசா போகும். விசா போனால் ஊருக்குப் போகவேண்டியதுதான். அட்டைப்பெட்டிகள் வாங்கியாகிவிட்டது. சென்ற முதல் வெள்ளிதான் அவருக்கு அந்தக் கூட்டத்தின் கடைசி வெள்ளி. தாமே கண்டெடுத்த ஒரே ஒரு காசை அந்த நீல வெல்வெட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. சொல்லாததனால்தான் அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கு முந்தைய ஞாயிறன்று (இங்கே அது வேலைநாள்) அவர் அலுவலகத்திலிருந்து வந்தபோது செருப்பைக் கழற்ற மறந்துபோய்க் கூடத்துக்குள் வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை உறையை எடுத்தார். அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் கன்னங்கரேலென்று ஒரு துணுக்கு. அவரோடு வேலைபார்த்த ஓர் ஆங்கிலேயர் நாடு திரும்புகிறாராம். தம் தந்தையார் வைத்திருந்ததிலிருந்து ஒன்றை இவருக்குக் கொடுத்தாராம். காகிதம், சான்று எதுவும் கிடையாது.

"கிஸிகோஸ்னு ஒரு ஊரு. இப்ப துருக்கியில கடல் ஓரத்துல கெடக்கு. ரெண்டாயிரத்து நானூறு வருசம் இருக்கும். இந்தா, பாரு" என்று பூதக்கண்ணாடியைத் தந்தார்.

பார்த்தேன். ஒரு பக்கம் முன்னங்கால்களை நீட்டிப் பாய்கிற பன்றியின் பாதி உடல். பிடரி மயிர்கூடக் குத்திட்டு நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மீன். அது சூரை மீனாம். அந்த ஊர்க் கடலில் கூட்டம் கூட்டமாக வருமாம், அதனால் அதுவே ஊர் முத்திரையாம். காசைத் திருப்பினார். மறுபக்கம் வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிங்கத்தின் தலை.

என் உடம்பு சிலிர்த்துவிட்டது. மீன், பன்றி, சிங்கம்! நான் நாள்தோறும் விடியலில் வாயாரச் சொல்லுகிற அவதாரங்களில் மூன்று, ஒரு துவரம்பருப்பின் பரப்பில் அடுத்தடுத்து நிற்கின்றன. பாசுரங்களில் ஏனம் என்று வரும் பன்றி, நிலமகளைக் கொம்பில் ஏந்திவந்த பன்றி, துருக்கிக் கடற்கரை வரைக்கும் போயிருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இது காசு இல்லங்க. பெருமாள்" என்றேன்.

"ஏளா, அது அவங்க ஊர் மீனு. அவங்க ஊர்ப் பன்னி."

"எந்த ஊர்ப் பன்னியா இருந்தா என்ன? கண்ணை மூடிட்டு மூணு அவதாரத்த வரிசையா அடிச்சிருக்கான். பெருமாள் நெனைக்காம கை வருமா?"

"ஆமையக் காணோமே" என்றார் அவர்.

"அது வேற ஊர்ல இருக்கும், தேடுங்க" என்றேன். இருக்கிறதாம். ஆமை பொறித்த காசு ஏதோ ஒரு தீவில் உண்டாம். அதைச் சொன்ன பிறகு தாமே தம் கட்சியைத் தோற்கடித்துக்கொண்டோம் என்று அவருக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை வரை காசு என் பெருமாள் திருவடியில் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். ஆந்தை ஆசீர்வாதம் வாங்காமல் போனதுதான் கோளாறோ என்னும் ஐயம் அவருக்கும் உள்ளூர இருந்திருக்க வேண்டும். வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தில் பஞ்சோடு வைத்தார்.

"தொடாத, கேட்டியா" என்றார்.

இந்த ஒரு சொல்லைப்பற்றி நான் வாசகர்களுக்கு விளக்கம் தர வேண்டியவளாக இருக்கிறேன். 'தொடாதே' என்பது என் கணவர் எல்லாப் பொருள்களைப்பற்றியும் சொல்வது. அவர் அளவுகோலைத் தொடாதே, செய்தித்தாளைத் தொடாதே, தொலைக்காட்சி ரிமோட்டைத் தொடாதே. நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு, அந்தச் சொல் என் செவியில் மழைச் சத்தம்போல் ஆகிவிட்டது. தவிரவும், கையால் தொடக்கூடாது என்றே நான் பொருள்கொண்டேன். அது எங்கள் வீட்டுப் பெருமாள் அலமாரிக்கு ஏற்கெனவே உள்ள விதிதான்.

புதன்கிழமை இரவு உணவின்போது வினை வந்தது. அவர் உற்சாகத்தில் இருந்தார். அந்தக் காலத்துக் கிரேக்கர்களின் உடையில் பை கிடையாது என்று தொடங்கினார்.

"இம்புட்டுக் காச எங்க வச்சுக்கிடுவான்? வாய்க்குள்ளதான். கன்னத்துல அதக்கிக்கிட்டே சந்தைக்குப் போவான். மீன்காரிகிட்ட துப்பிக் குடுப்பான். அவ மிச்சத்த அவ வாயில இருந்து எடுத்துக் குடுப்பா."

என் கையில் தோசைக்கரண்டி நின்றுவிட்டது.

"வாயிலயா?"

"ஆமா. பெறவு செத்தவன் வாயிலயும் ஒண்ணு வைப்பான். ஆத்தக் கடத்திவிட ஓடக்காரனுக்குக் கூலி."

"அதயா எம்பெருமாள் காலடியில வச்சிருக்கிய?"

"நீதான வைக்கச் சொன்ன!" என்று சிரித்து, இன்னொரு தோசை கேட்டார்.

அன்று நான் பட்ட பாட்டை அவர் அறியார். எச்சில் பட்ட காசு. அதுவும் யார் எச்சில் என்று தெரியாத இரண்டாயிரத்து நானூறு ஆண்டு எச்சில். பிணத்தின் வாயிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். அதை மூன்று நாளாகத் திருவடியில் வைத்து, துளசியும் சாத்தியிருக்கிறேன். எடுத்து இழுப்பறைக்கு அனுப்பிவிடலாம் என்றால், அதில் இருப்பவர்களோ மூன்று அவதாரங்கள். அவர்களை வெளியே போகச் சொல்ல நான் யார்? குற்றம் எச்சிலுடையதே தவிர ஏனத்துடையது அல்லவே. ஆகவே வழி ஒன்றுதான்: திருமஞ்சனம்.

மறுநாள் வியாழன், பெருமாள் வெள்ளிச் சாமான்களை நான் துலக்கும் நாள். இந்த ஊர்க் கடற்காற்றுக்கு வெள்ளி ஒரு வாரத்தில் மங்கிவிடும். துலக்குவதற்கென்றே வெள்ளைப் பல்பொடி டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். அதில் எங்கள் வீட்டில் யாரும் பல் துலக்கியதில்லை. வட்டில், தீர்த்தக் கிண்ணம், ஆரத்தித் தட்டு எல்லாம் முடிந்தபின், காசை எடுத்தேன். கையால் தொடவில்லை, பழைய வேட்டித் துண்டால் எடுத்தேன். முதலில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்தேன். பிறகு ஒரு சிட்டிகைப் பல்பொடி. வாயிலிருந்து வந்த காசுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து உண்டா என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. ஏனத்தின்மேல் பத்துப் பாசுரம் சொல்லி முடிப்பதற்குள் கறுப்பு அத்தனையும் துணியில் வந்துவிட்டது. காசு நிலாத்துண்டுபோல் மின்னியது. பன்றியின் கண் தெரிந்தது. மூன்று அவதாரங்களும் மகிழ்ந்திருப்பார்கள் என்று நான் முழுமனதோடு நம்பினேன். அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் அவரே பார்த்து வியக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவர் கை கழுவி, உலர்த்தி, அலமாரியைத் திறந்தார். நான் பின்னால் நின்றேன், பாராட்டை வாங்கிக்கொள்வதற்காக.

அவர் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"என்னளா பண்ணி வச்சிருக்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எச்சில்னு சொன்னியள்ளா. அதான் தேச்சேன்."

"கறுப்பு அழுக்கு இல்ல. அது... அதுதான் அதுக்குச் சாட்சி. ரெண்டாயிரம் வருசம் மண்ணுக்குள்ள கெடந்தாத்தான் அந்தக் கறுப்பு வரும். இப்பப் பாத்தா நேத்து அடிச்ச காசு மாதிரி இருக்கு." கூடத்து நாற்காலியில் போய் அமர்ந்தார். "இதக் கொண்டுபோனா மரத்துலதான் வைப்பாரு. நான் போகல."

பெருமாள் அலமாரியைப் பார்த்தேன். அவர் வழக்கம்போல் எனக்கு விடை தரவில்லை. எடுத்துவைத்திருந்த இஸ்திரிச் சட்டை கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கெளம்புங்க. நானும் வாரேன். நான்தான் செஞ்சேன்னு நானே சொல்லுதேன்" என்றேன்.

அவர் மறுத்தார். நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அது எங்கள் வீட்டில் வாக்குவாதத்தின் முடிவு. மின்தூக்கியில் இறங்கும்போது மட்டும் சொன்னார்: "அங்க நீ ஒண்ணும் பேசாத."

மருத்துவர் வீட்டில் என்னைக் கண்டு எல்லாருக்கும் வியப்பு. மகளிர் யாரும் அந்த மேசைக்கு வந்ததில்லை. "வாங்கோ அக்கா, வாங்கோ" என்று மருத்துவர் நாற்காலி போட்டார். தேநீர் வந்தது. மற்றவர்கள் காசுகள் முடிந்தபின் என் கணவர் மாத்திரை உறையைத் திறந்தார். காசு உள்ளங்கைகளில் சுற்றிவந்தது. ஒவ்வொரு முகத்திலும் புருவம் உயர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவருக்கு முன்னதாகக் கேரளத்துப் பொறியாளர் கையில் வந்தது.

"சாரே, இது புதுசா?" என்றார். "ஐயோ, இதென்னா இப்படி மின்னுது?"

"நான் தேச்சேன்" என்றார் என் கணவர்.

பொறியாளர் காசிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"நான்தான் தேச்சேன். அழுக்கா இருந்திச்சு, வெளக்கினா நல்லா இருக்கும்னு..."

"என்ட மூங்ஙா சாரே!" என்று பொறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா புஸ்தகம் வாசிக்கிறீங்க, காசைத் தேய்க்கக்கூடாதுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியுமே! பாத்திரமா இது?"

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அறிவேன். ஆந்தை மரத்தில் அமர்ந்த அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் சிரித்துக்காட்டிய அதே சிரிப்பு. காசு பொய் என்று சொல்லிவிட்டாலும் பரவாயில்லை என்று வந்தவர், அதற்குமேல் தாம் ஒன்றும் தெரியாதவர் என்பதையும் தாமே ஏற்றுக்கொண்டார். எதற்காக? யாரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிடக்கூடாது என்பதற்காக. பெருமாளுக்குமுன் நின்று நான் நாள்தோறும் சரணாகதியைப்பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். ஒரு தேநீர் மேசையில் அதைச் செய்துகாட்டியவர், துளசி தீர்த்தம் கொடுத்தால் பாதியைச் சட்டையில் சிந்துகிற இந்த மனிதர்.

"அவர் தேய்க்கல. நான் தேச்சேன்" என்றேன்.

"அவ எனக்காகச் சொல்லுதா" என்றார் அவர் உடனே. "நான்தான்."

"நான்தான்!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ" என்றார் மருத்துவர். "முதல் யார் எண்டு முடிவுசெய்யுங்கோ. பிறகு காசைப் பாப்பம்."

"எதப் போட்டுத் தேச்சார்னு கேளுங்க" என்றேன்.

"பல்பொடி" என்றார் என் கணவர் வெற்றியோடு. அந்த வாசனை காசிலேயே இருந்தது.

"அந்த டப்பா வீட்டுல எங்க இருக்குன்னு கேளுங்க."

அவர் வாய் திறந்தார். மூடினார். "பாத்ரூம்ல" என்றார்.

"அரிசி வாளிக்குப் பின்னால. இருபது வருசமா அங்கதான் இருக்கு. இவர் அந்தப் பக்கம் வந்ததே கெடையாது."

இம்முறை எழுந்த சிரிப்பில் சுவரே அதிர்ந்தது. பக்கத்து வீட்டார் மணியடித்துக் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சினேன். பொறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சேச்சி ஜெயிச்சு" என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நடந்ததை எல்லாம் நான் சொன்னேன்: மூன்று அவதாரம், எச்சில், திருமஞ்சனம். ஒன்றையும் மறைக்கவில்லை.

மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு காசை வாங்கினார்.

"அக்கா, பல்லுக்கே இந்தப் பவுடர் வேண்டாம் எண்டுதான் நான் சனத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன். நீங்கள் ரெண்டாயிரத்து நானூறு வருசத்துத் தோலை உரிச்சுப்போட்டியள். அது இனி வராது. வாறதெண்டாலும் எங்கட காலத்தில வராது."

நான் தலைகுனிந்தேன். வலித்தது. அது நியாயமான வலி.

அவர் காசைத் திருப்பினார். விளக்கைக் கிட்டே இழுத்தார். இடுக்கியால் பிடித்து விளிம்பைப் பார்த்தார். சொத்தை தேடுகிறவர்போலச் சுற்றிச் சுற்றி வந்தார். என் கணவரின் வலக்கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"இதைப் பாருங்கோ" என்றார் கடைசியில், பொறியாளரிடம். "விளிம்பில வெள்ளையா மயிரிழை மாதிரி மூண்டு கோடு. அது அக்காவின்ர பவுடர். வெடிப்புக்குள்ள போய் இறுகியிருக்கு. சம்மட்டியால ஒரே அடி அடிச்சு வெள்ளி பிதுங்கேக்கதான் இப்பிடி வெடிக்கும். வார்த்த காசெண்டா விளிம்பு உருண்டு இருக்கும், வெடிப்பு வராது. கறுப்போட இருந்திருந்தா எனக்கு உந்த வெடிப்பே தெரிஞ்சிராது." பிறகு காசைத் திருப்பி, "சிங்கத்தின்ர வாய்க்குள்ள துணி போகேல்லை. பழைய கறுப்பு அப்பிடியே இருக்கு" என்றார்.

அவர் கை நீண்டது. மரத்தைக் கடந்தது. காசு நீல வெல்வெட்டின் நடுவில் உட்கார்ந்தது.

யாரும் கைதட்டவில்லை, அந்தக் கூட்டத்தில் அந்த வழக்கம் கிடையாது. பொறியாளர்தான் எழுந்துபோய் என் கணவரின் தோளைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். "இனி என்ன பேரு வைக்கிறதுன்னு யோசிக்கணும், சாரே" என்றார். என் கணவர் வெல்வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னாலிருந்த தேநீரில் ஆடை படிந்தது. அவர் அதைக் குடிக்கவே இல்லை.

மருத்துவர் ஒவ்வொரு காசுக்கும் ஒரு சிறிய அட்டை எழுதுவார். ஊர், எடை, உருவம், நிலை. நிலை என்னும் இடத்தில் 'துலக்கப்பட்டது' என்று எழுதிப் பேனாவை நிறுத்தினார். காசு சேர்ப்பவர்கள் உலகில் அது ஒரு பெரும் பழியாம்; இனி இதை வேறு யாரும் விரும்பி வாங்கமாட்டார்களாம்.

"நல்லதாப் போச்சு. அப்ப யாரும் கேக்கமாட்டாவ" என்றார் என் கணவர். அன்று மாலை அவர் உண்மையாகச் சிரித்தது அப்போதுதான்.

திரும்பும் வழியில் அவர்தான் வண்டி ஓட்டினார். கடற்கரைச் சாலையின் விளக்குகள் வரிசையாக வந்துபோயின. நான் மன்னிப்புக் கேட்பதற்குச் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாசுரங்களில் எத்தனையோ விதமாக மன்னிப்புக் கேட்கப்பட்டிருக்கிறது, அவற்றில் எதுவும் கணவருக்குப் பொருந்தவில்லை.

"ஒண்ணு கேக்கேன்" என்றார் அவர், சிவப்பு விளக்கில் நின்றபோது. "கார்மேக வண்ணன், கரியவன்னு விடிய விடியப் பாடுத. உன் வீட்டுக்கு ஒரே ஒரு கறுப்புக் காசு வந்துச்சு. அத விட்டுவைக்க முடியலயே உனக்கு."

நாற்பது ஆண்டில் முதல்முறையாகச் சமய விவாதத்தில் அவர் வென்றார்.

இப்போது வீடு முழுவதும் அட்டைப்பெட்டிகள். இன்னும் மூன்று வாரத்தில் புறப்பாடு. காசு பெருமாள் அலமாரியில் இல்லை. அவருடைய இழுப்பறையிலும் இல்லை. பழுப்புக் காகித உறையில் வைத்தால் வெள்ளி விரைவில் கறுக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். விரைவில் என்றால் இருபது, முப்பது ஆண்டில் என்று அவரே சொல்லியுமிருக்கிறார். ஆகவே அது ஜன்னலோரம், ஒரு பழுப்பு உறையில், காற்றுப்படும்படி இருக்கிறது. அவருக்கு வயது அறுபத்தேழு; எனக்கு அறுபத்துநான்கு. கணக்கு இருவருக்கும் தெரியும்.

ஆயினும் தினமும் காலையில், என் சேவிப்பு முடிவதற்காகக் காத்திருந்து, கை கழுவி உலர்த்தி, உறையைத் திறந்து என் முன்னால் நீட்டுகிறார்.

"கொஞ்சம் கறுத்திருக்குல்லா?"

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறேன். பன்றி நேற்றுப் பாய்ந்தபடியே பளபளவென்று பாய்கிறது.

"அந்தக் காதுப் பக்கம் லேசா" என்கிறேன்.

"அதேதான். நானும் அதத்தான் பாத்தேன்" என்று உறையை மூடுகிறார். பொய் சொன்ன குற்றத்துக்காக அன்றைக்குப் பத்துப் பாசுரம் கூடுதலாகச் சேவிக்கிறேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டே, பெட்டிக்குக் கயிறு கட்டுகிறார்.